இவருக்கென்று வாங்கிய சைக்கிள்

ஜூன் 3, திங்கள்

இது கம்பெனியில் கொடுத்த டைரி. ஜனவரியிலிருந்து பீரோவில் சும்மா கிடந்தது. டாக்டரம்மா எழுதச் சொன்னது என்னை இல்லை, என் வீட்டுக்காரரை. என்ன சாப்பிட்டீர்கள், எவ்வளவு நடந்தீர்கள், தினமும் குறித்து வையுங்கள் என்றார். வீட்டுக்கு வந்ததும் இவர், "நீ எழுது வசந்தி, உன்ற கையெழுத்துத்தான் அழகா இருக்கும்" என்று சொல்லிவிட்டு டிவி முன்னால் சாய்ந்துவிட்டார். ஐஸ் வைப்பதில் ஆளை மிஞ்ச முடியாது.

சர்க்கரை மூன்று மாதச் சராசரி ஒன்பதைத் தாண்டிவிட்டது. "செப்டம்பர்ல திரும்பப் பார்ப்போம். ஏழரைக்குக் கீழ வரணும். வரலைன்னா இன்சுலின் ஊசிதான் சென்னியப்பன்" என்று டாக்டரம்மா முகத்துக்கு நேராகவே சொன்னார். இவர் நூல் ஏஜென்சி ஆபீஸில் காலையில் உட்கார்ந்தால் பொழுது சாய்ந்துதான் எழுந்திருப்பார். சர்க்கரை ஏறாமல் என்ன செய்யும்?

இவருடைய அண்ணனுக்கு ஊசியில் ஆரம்பித்துக் கால் விரலை எடுப்பதில் போய் நின்றது. எனக்குப் பயமாக இருக்கிறது. வாயால் சொல்ல மாட்டேன். எழுதிவிடுகிறேன்.

ஜூன் 4, செவ்வாய்

நடக்கவில்லை. "நாய் வளக்கறவன்தான் வேலையில்லாம நடப்பான்" என்கிறார். இரவு மூன்று சப்பாத்தி, ஒளித்து வைத்திருந்த மைசூர்பாகில் ஒன்று.

ஜூன் 6, வியாழன்

ஊத்துக்குளி ரோட்டில் ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தோம். ஏழெட்டுப் பேர் ஹெல்மெட் போட்டுக்கொண்டு வரிசையாகச் சைக்கிளில் போனார்கள். இவர் தலையைத் திருப்பிப் பார்த்தார். "எப்படிச் சல்லுனு போறாங்க பாரு" என்றார். இவர் ஒரு பொருளைத் திரும்பிப் பார்ப்பதே அதிசயம். அங்கேயே முடிவு செய்துவிட்டேன்.

வாங்கலாமா என்று கேட்டால் வேண்டாம் என்பார். வாங்கி வந்து வாசலில் நிறுத்திவிட்டால் ஏறித்தான் ஆகவேண்டும். அதனால் ரகசியம்.

ஜூன் 8, சனி

சைக்கிளுக்கும் சட்டை மாதிரி ஸ்மால், மீடியம், லார்ஜ் உண்டாம். எனக்குச் சிரிப்புதான் வந்தது. பனியன் கம்பெனியில் இருபத்துநான்கு வருடமாகத் துணி வெட்டுவதற்குப் பேட்டர்ன் போடுகிறேன். ஜெர்மன்காரன் மீடியம் இங்கிலாந்துக்காரன் லார்ஜ் அளவு இருக்கும், ஜப்பான்காரன் லார்ஜ் நம்மூர்ப் பையனுக்குப் பற்றாது. அளவு அட்டையைப் பார்த்து ஏமாறுகிற ஆள் நான் இல்லை.

சைக்கிளுக்கு முக்கியம் காலின் உள்நீளமாம். ஆளை நிறுத்தி டேப் வைத்தால் எதற்கு என்று கேட்பார். அயர்ன் செய்த பேண்ட்டைக் கட்டிலில் விரித்துக் கவட்டைத் தையலிலிருந்து ஓரம் வரைக்கும் பிடித்தேன். எழுபத்து நான்கு சென்டிமீட்டர். வேலை முடிந்தது.

இன்று வாக்கிங் இல்லை. இனி இந்த வரியை எழுதப்போவதில்லை, இருந்தால் எழுதிக்கொள்ளலாம்.

ஜூன் 9, ஞாயிறு

அவிநாசி ரோட்டில் உள்ள சைக்கிள் கடைக்குப் போனேன். ஷமீமா என்று ஒரு பெண், முப்பத்தைந்து வயது இருக்கும், கடையைத் தனியாக நடத்துகிறாள். கம்பெனிப் பெயர்கள் வாயில் நுழையவில்லை. நாங்கள் துணி வாங்குகிறவர்களைச் சொல்வதுபோல ஊரை வைத்தே கூப்பிட்டேன்: தைவான்காரன், இத்தாலிக்காரன், லூதியானாக்காரன். அவளுக்கும் அது பிடித்துவிட்டது.

"அக்கா, இதுல ஸ்மால்னா எல்லாத்துலயும் ஸ்மால்னு நினைச்சுக்காதீங்க. ஒருத்தரு ஸ்மால்ங்கறாரு, ஒருத்தரு அம்பதுங்கறாரு, லூதியானாக்காரரு பதினேழு இஞ்சுங்கறாரு. அதுலயும் ஒருத்தரு சீட்டுக் குழாய மேல் நுனி வரைக்கும் அளப்பாரு, இன்னொருத்தரு மேல் குழாயோட நடு வரைக்குமே அளந்து நிறுத்திருவாரு."

"எங்க ஊட்லயும் அதே கதைதான் கண்ணு. ஒருத்தன் தோள் உச்சியிலிருந்து நீளம் புடிங்கறான், இன்னொருத்தன் கழுத்து நடுவுலயிருந்து புடிங்கறான்" என்றேன். ஊட்டில் என்று ஏன் சொன்னேன் தெரியவில்லை, கம்பெனியைத்தான் சொன்னேன்.

கால் அளவை எப்படி எடுப்பதென்று எனக்கே சொல்லித்தர வந்துவிட்டாள். வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நிற்கவேண்டுமாம். ஒரு தடிப் புத்தகத்தைக் கால்களுக்கு நடுவில் இடுக்கி, சீட்டில் உட்கார்ந்தால் எப்படி அழுத்துமோ அப்படி மேலே ஏற்றவேண்டுமாம். "காட்டறதுக்காக" என்னையே நிற்க வைத்து எடுத்தாள். எழுபத்தைந்து. இவரைவிட எனக்கு ஒரு சென்டிமீட்டர் கூட. இவர் என்னைவிட மூன்று இஞ்சு உயரம். சிலர் உடம்பு அப்படித்தான், இடுப்புக்கு மேலேதான் உயரம் இருக்கும்.

சீட் எப்படி இருக்கிறதென்று தெரிய வேண்டுமே என்று மூன்றையும் ஓட்டிப் பார்த்தேன். சுடிதார் போட்டுப் போனது நல்லதாகப் போயிற்று. கல்யாணத்துக்குப் பிறகு சைக்கிளைத் தொட்டதில்லை, ஆனாலும் கால் தானாகப் போட்டது. தைவான்காரனை அடுத்த சிக்னல் வரைக்கும் ஓட்டிப்போய்த் திரும்பினேன். இல்லை, அதற்கடுத்த சிக்னல்.

"அவரக் கூட்டிட்டு வந்துருங்கக்கா, பத்தே நிமிசத்துல சொல்லிருவேன்" என்றாள். முடியாது, ரகசியம் என்றேன்.

ஜூன் 12, புதன்

அட்டவணையை வெறும் எண்ணாகப் பார்த்தால் எனக்கு ஒன்றும் ஏறாது. வரைந்து பார்த்தால்தான் ஏறும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கம்ப்யூட்டரில் மூன்று சைக்கிள் சட்டங்களையும் கோடாகப் போட்டேன். சட்டைக்குத் தோள் உச்சியை ஒன்றாக வைத்து சைஸ்களை அடுக்குகிற மாதிரி, இதற்குப் பெடல் சுற்றுகிற அச்சை ஒன்றாக வைத்து மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினேன். பிறகு துணி வெட்ட விரிக்கிற மார்க்கர் பேப்பரில் முழு அளவில் பிரிண்ட் எடுத்தேன்.

அப்போதுதான் எல்லாம் பளிச்சென்று தெரிந்தது. முக்கியம் இரண்டு அளவுதான். அச்சிலிருந்து கைப்பிடிக் கழுத்து எவ்வளவு மேலே நிற்கிறது, அது ஸ்டேக். எவ்வளவு முன்னால் நிற்கிறது, அது ரீச். லூதியானாக்காரனுக்குக் கழுத்து அறுபது சென்டிமீட்டர் உயரத்தில், நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி இருக்கும். இத்தாலிக்காரனுக்கு ஐம்பத்திரண்டு, முன்னாலும் நீட்டிக்கொண்டு போகிறான், ஓட்டுகிறவர் குனிந்தே போகவேண்டும். இவருடைய தொப்பை அதற்குச் சம்மதிக்காது. தைவான்காரன் நடுவில். முன்னால் முப்பத்தேழரை, மேலே ஐம்பத்தைந்து. தோளும் இறுகாது, இடுப்பும் வலிக்காது.

இன்னொன்றும் கவனித்தேன். நாங்கள் ஸ்மாலிலிருந்து மீடியத்துக்குப் போனால் எல்லா அளவையும் ஒரே சீராகக் கூட்டுவோம். சைக்கிள்காரர்கள் உயரத்தை நன்றாகக் கூட்டுகிறார்கள், ரீச்சைக் கிள்ளிக் கிள்ளிக் கூட்டுகிறார்கள். மனிதர்களுக்குக் கை வளராது என்று நினைத்துவிட்டார்கள் போல.

எம்.டி. வந்துவிட்டார். விரித்திருந்த பேப்பரைப் பார்த்து, "என்னம்மா இது, டெண்ட் ஆர்டரா?" என்றார். "சாம்பிள் சார்" என்றேன். பொய்தான். பேப்பரைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டு வந்து பாய்க்குள் வைத்திருக்கிறேன்.

ஜூன் 16, ஞாயிறு

கடைக்குப் போய் தைவான்காரனை இன்னொரு தடவை ஓட்டிப் பார்த்தேன். ஒரு தடவையில் எதையும் முடிவு செய்யக் கூடாது. பழங்கரை வரைக்கும் போனேன். போகிற வழியெல்லாம் காற்று முகத்தில் அடித்தது. யாரும் கூப்பிடவில்லை, போனும் அடிக்கவில்லை. இவருக்கு மிகவும் பிடிக்கும்.

நிறம் இரண்டு இருந்தது, சாம்பல், மாம்பழ மஞ்சள். இவருக்குச் சாம்பல் பிடிக்கும். மஞ்சளைச் சொல்லிவிட்டேன், ரோட்டில் தூரத்திலிருந்தே தெரியும், பாதுகாப்பு.

"அவருக்கு ஸ்மால் பத்துமாக்கா?" என்று ஷமீமா இரண்டு தடவை கேட்டாள். நான் அளந்ததைச் சந்தேகப்பட்டால் எனக்குக் கோபம் வரும். பத்தும் என்றேன், கொஞ்சம் வேகமாகவே.

ஜூன் 23, ஞாயிறு

வந்துவிட்டது. இவரைக் கண்ணை மூடச் சொல்லி வாசலுக்குக் கூட்டி வந்தேன். திறந்து பார்த்தார். சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி சைக்கிளைப் பார்த்தார்.

"யாருக்கு?"

"உங்களுக்குத்தானுங்க. டாக்டரம்மா சொன்னாங்கல்ல."

மறுக்காமல் ஏறி உட்கார்ந்தார். அதுவரைக்கும் நன்றாகத்தான் இருந்தது. பெடலை மிதித்ததும் முழங்கால் கைப்பிடியை இடித்தது. சீட்டை உயர்த்தினேன். அப்போது கைப்பிடி மடிக்குள் வந்துவிட்டது, குழந்தைகள் ஓட்டுகிற மூன்று சக்கர வண்டியில் பெரிய ஆள் உட்கார்ந்த மாதிரி. எதிர்வீட்டில் சிரிக்கிற சத்தம் கேட்டது. இவர் இறங்கி, சைக்கிளை என் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

"நீ ஏறு, பாக்கலாம்."

"நான் எதுக்குங்க?"

"அட, ஏறு புள்ள."

தெருமுனை வரைக்கும் போய் வந்தேன். சீட்டை மட்டும் இறக்கினால் போதும், வேறொன்றும் மாற்ற வேண்டியதில்லை. இவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். "உனக்குன்னே தெச்ச மாதிரி இருக்குது" என்றார். சிரித்தாரா, கேலி செய்தாரா, தெரியவில்லை. எனக்கு மானம் போயிற்று.

ஜூன் 24, திங்கள்

ஷமீமாவுக்குப் போன் செய்தேன். எப்படி அளந்தீர்கள் என்று கேட்டாள். பேண்ட் என்றேன். சிரிப்பை அடக்குகிற சத்தம் போனில் கேட்டது.

பேண்ட்டின் கவட்டை உடம்பிலிருந்து கொஞ்சம் தள்ளியே தொங்கும், அதற்கு இடம் விட்டுத்தான் நாங்களே வெட்டுகிறோம். கீழ் ஓரமும் தரையைத் தொடாது. மேலே இரண்டரை, கீழே மூன்று போய்விட்டது. காலையில் இவரை வெறுங்காலோடு சுவரில் நிறுத்தி எடுத்தேன். எழுபத்தொன்பதரை. மீடியம். பேட்டர்ன் போடாத வேறு யாராவது வாங்கியிருந்தால் இந்தத் தப்பு வந்திருக்காது, ஆளைக் கூட்டிக்கொண்டு போயிருப்பார்கள். உடம்பை விட்டுவிட்டுத் துணியை அளந்திருக்கிறேன். சொன்னால் கம்பெனியில் ஒரு வருடம் சிரிப்பார்கள்.

மீடியம் வர ஒரு மாதம் ஆகும். வந்ததும் இதைக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு அதை எடுத்துக்கொள்ளலாம் என்றாள். கீறல் விழாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னாள்.

ஜூன் 27, வியாழன்

சைக்கிள் சும்மா நின்றால் டயர் கெட்டுவிடும் என்று படித்தேன். காலையில் ஒரு சுற்று போய் வந்தேன். திரும்பி வந்தபோது இவர் கேட் பக்கத்தில் நின்றிருந்தார். பேப்பர்காரரைத் தேடினாராம்.

ஜூலை 2, செவ்வாய்

டயர் கெடாமல் இருக்கத் தினமும் போகிறேன். இன்று மில் கேட் வரைக்கும். இவர் தெருமுனையில் நின்றிருந்தார். என்ன என்றேன். "பால்" என்றார். கையில் பால் இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

நஞ்சராயன் குளம் வரைக்கும் போய்விட்டேன். தண்ணீரில் வெள்ளை வெள்ளையாகப் பறவைகள். ஒரு காலை மடக்கிக்கொண்டு ஒன்று நின்றது, அதன் பெயர் தெரியாது. அங்கே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். எவ்வளவு நேரம் என்று பார்க்கவில்லை.

திரும்பி வரும்போது பேக்கரி வாசலில் இவர். எனக்குச் சுருக்கென்றது. நான் அந்தப் பக்கம் போனதும் இவர் இந்தப் பக்கம் தேங்காய் பன் தின்ன வருகிறார். நடுரோட்டில் சைக்கிளை நிறுத்தி வாயைத் திறந்து காட்டச் சொன்னேன்.

"ஏம்புள்ள, நானென்ன எல்கேஜியா? ஒண்ணும் திங்கல" என்றார். நம்பவில்லை. பேக்கரிக்காரரிடம் கேட்டேன். "டீ கூடக் குடிக்கலீங்கக்கா, ரோட்டப் பாத்துட்டு நிக்கறாரு" என்றார். இரண்டு பேரும் கூட்டு.

ஜூலை 21, ஞாயிறு

ஷமீமா போன் செய்தாள், மீடியம் வந்துவிட்டது. இன்று மழை. மழையில் சைக்கிளைக் கொண்டுபோக முடியுமா?

ஜூலை 24, புதன்

டயரில் ஒரே சேறு. கழுவாமல் எப்படித் திருப்பிக் கொடுப்பது? ஞாயிற்றுக்கிழமை கழுவ வேண்டும்.

ஜூலை 28, ஞாயிறு

கழுவினேன். கழுவியதும் அப்படிப் பளபளத்தது. சாயங்காலம் போகலாம் என்றிருந்தேன். விருந்தாளி வந்துவிட்டார்கள்.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

மேல் குழாயில் ஒரு கீறல். கேட்டில் உரசியிருக்கிறது. வேண்டுமென்று செய்யவில்லை. ஆனால் பார்த்ததும் மனதுக்குள் ஒரு நிம்மதி வந்தது, அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. இனி இதைத் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

யாருக்காக இதை வாங்கினேன்? அடுத்த மாதம் டெஸ்ட். இவர் ஒரு நாள்கூடச் சைக்கிளில் போகவில்லை. நான் மட்டும் விடிந்தால் எழுந்து ஓடுகிறேன். இவர் காலுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இந்த மஞ்சளை நான் கண்ணால் பார்க்க முடியுமா?

ஆகஸ்ட் 5, திங்கள்

இனிமேல் போகக் கூடாது என்று படுத்தே கிடந்தேன். இவர் எழுப்பினார்.

"ஏன், இன்னிக்குப் போகலியா?"

"இல்லீங்க."

"மேலுக்குச் சுகமில்லையா?"

"நல்லாத்தான் இருக்கறேன்."

"அப்பறம் என்ன, எந்திரி. நான் சட்டையெல்லாம் போட்டு ரெடியா நிக்கறேன்."

எதற்கு ரெடியாக நிற்கிறார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை. எழுந்து போனேன்.

ஆகஸ்ட் 15, வியாழன்

லீவு. குளத்திலிருந்து திரும்பும்போது மில் கேட் தாண்டி இவர் நடந்து வருகிறார். வீட்டிலிருந்து அவ்வளவு தூரம். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது. நான் சைக்கிளை விட்டு இறங்கிச் சத்தம் போட்டேன்.

"எதுக்குங்க இப்படிப் பின்னாலயே வந்து வேவு பாக்கறீங்க? நானென்ன காணாமப் போயிருவனா?"

"பின்னால எங்க வந்தேன்? முன்னாலதானே வர்றேன்" என்றார். மூச்சு வாங்கியது. "லாரி அந்தப் போக்குப் போகுது. நீ வர்ற வரைக்கும் ஊட்டுக்குள்ள உக்காந்திருக்க முடியல. அதான்."

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கூடவே நடந்து வந்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு பேருக்கும் கம்மங்கூழ் கரைத்தேன்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

இப்போதெல்லாம் இவரைக் குளத்துக்குத் திரும்புகிற ரோட்டிலேயே பார்க்கிறேன். பேண்ட் இடுப்பில் நிற்கவில்லை என்றார். நான்தான் பிடித்துக் கொடுத்தேன். இரண்டு இஞ்சு.

செப்டம்பர் 2, திங்கள்

ரிசல்ட்டை வாங்கிப் பிரிக்காமலே டாக்டரம்மாவிடம் நீட்டினேன். இவர் சாவகாசமாக வார இதழ் புரட்டிக்கொண்டிருந்தார். டாக்டரம்மா கண்ணாடியைக் கழற்றி மாட்டி, மறுபடி பார்த்தார்.

"ஏழு புள்ளி ஒண்ணு. ஊசி வேண்டாம். என்ன செஞ்சீங்க சென்னியப்பன்? வாக்கிங்கா?"

"வாக்கிங்கெல்லாம் இல்லீங்க டாக்டர். இவ காலையில சைக்கிள்ல போறா. வந்து சேர்ற வரைக்கும் எனக்கு இருப்புக் கொள்ளாது. எதிர்க்கால போயி நின்னுக்கறது, அவ்வளவுதான்."

"எவ்வளவு தூரம்?"

"குளம் வரைக்குமுங்க."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நான் சுவரில் மாட்டியிருந்த இதயப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆஸ்பத்திரியில் எல்லோரும்தான் அழுகிறார்கள் என்று விட்டுவிட்டேன்.

செப்டம்பர் 8, ஞாயிறு

மனது கேட்கவில்லை. மஞ்சள் எனக்கே இருக்கட்டும், இவருக்கும் ஒன்று வாங்கிவிடுவோம், இரண்டு பேரும் சேர்ந்தே போகலாம் என்று இவரைக் கடைக்குக் கூட்டிப்போனேன். இந்தத் தடவை ஆளோடு.

ஷமீமா இவரைச் சுவரில் நிறுத்திப் புத்தகம் வைத்து அளந்தாள், கை நீளமும் எடுத்தாள். நான் பக்கத்தில் நின்று டேப்பைப் பிடித்தேன். தைவான்காரனில் மீடியம், சாம்பல் நிறம். இவர் ஏறி உட்கார்ந்தார். முழங்கால் எங்கும் இடிக்கவில்லை, முதுகு வளையவில்லை, முழங்கை லேசாக மடங்கி நின்றது. நான் போட்ட எந்தப் பேட்டர்னும் யாருக்கும் இவ்வளவு சரியாக உட்கார்ந்ததில்லை. கடையைச் சுற்றி ஓட்டிவிட்டு வந்தார்.

"எப்படீங்கண்ணா?" என்றாள் ஷமீமா.

"குறையே சொல்ல முடியாது. ஆனா எனக்கு வேண்டாமுங்க."

"ஏனுங்க? நல்லாத்தானே பொருந்துது" என்றேன். எனக்குக் கோபம்கூட வந்தது.

இவர் இறங்கி ஸ்டாண்டைத் தட்டி நிறுத்தினார். சீட்டை ஒரு தடவை தடவிக் கொடுத்தார்.

"நானும் இதுல வந்தா, உன்ற முதுகப் பாத்துட்டேதான் வரோணும். நடந்து வந்தாத்தான் நீ எதிர்க்கால வர்றது தெரியும்."

ஷமீமா ஏதோ சாமான் எடுக்கப் போகிறவள் மாதிரி உள்ளே போய்விட்டாள். கையிலிருந்த டேப்பைச் சுருட்டி, பிரித்து, மறுபடி சுருட்டினேன். சரி, வேண்டாமென்றால் விடுங்கள் என்று சொன்னேன்.